மெல்ல உதைக்க, விரைந்து எரிய வேண்டும்

மேக்னம் ரிவால்வரை வாங்குகிறவர் அதன் வலிமைக்காகத்தான் வாங்குகிறார். சில மாதங்களிலேயே அந்த வலிமையைக் குறைக்க வழி தேடத் தொடங்கிவிடுகிறார். அமெரிக்காவின் சுடுதளங்களில் இது அன்றாடம் நடப்பது. காட்டுப்பன்றியையோ கரடியையோ நிறுத்துவதற்கு முழு வலிமை தேவைப்படலாம். 25 கஜம் தள்ளி நிற்கும் காகித இலக்குக்கு அது எதற்கு? காகிதத்தில் துளை விழுந்தால் போதும். அந்தத் துளை போன முறை விழுந்த இடத்திலேயே விழ வேண்டும், அவ்வளவுதான்.

முழு வலிமைத் தோட்டாவை நூறு முறை சுட்டால் கை சோர்ந்துபோகும். அதைவிடப் பெரிய கெடுதல், மூளை கற்றுக்கொள்ளும் பாடம். அடுத்த உதையையும் ஓசையையும் எதிர்பார்த்து, விசையை இழுக்கும் முன்பே கை தானாகச் சுருங்கும். குறி தவறுவதற்கு அந்த ஒரு சுருக்கம் போதும். அதனால் அங்குள்ள பொழுதுபோக்குச் சுடுநர்கள் பலர் தங்கள் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளை உறையைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குச் சுருக்கி, தீப்பொறி தரும் புது பிரைமரைப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து கொட்டி, ஈயக்குண்டை அமர்த்தி, உறையின் வாயை மடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் இது பல தலைமுறைகளாக நடந்துவரும் சட்டபூர்வமான கைவேலை. இந்தியாவில் உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே இந்த அத்தியாயத்தில் நமக்கு வேண்டியது செய்முறை இல்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் இயற்பியல்.

அந்த இயற்பியலுக்குள் நுழைய ஒரு எளிய கேள்வி போதும். உதையைப் பாதியாக்க வேண்டுமானால், முழு வலிமைத் தோட்டாவில் இருக்கும் மருந்தில் பாதியை எடுத்துவிட்டால் ஆகாதா?

ஆகாது. சில மருந்துகளில் அப்படிச் செய்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். ஏன் என்பதற்கு விடை தேடினால், துப்பாக்கிக்குள் நெருப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரியவரும்.

உதையின் கணக்கு

முதலில் உதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உந்த அழிவின்மை விதிதான் இங்கே கணக்குப்பிள்ளை. குழலின் வாய் வழியாக முன்னே போகும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கும். முன்னே போவது குண்டு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. எரிந்த மருந்து வாயுவாகி, குண்டைவிடப் பல மடங்கு வேகத்தில் பின்தொடர்கிறது. மருந்தின் நிறை எரிவதால் குறைவதில்லை. ஒரு கிராம் மருந்து உள்ளே போனால் ஒரு கிராம்தான் வெளியே வரும்.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். இவை விளக்கத்துக்கான தோராய எண்கள். நிரப்புவதற்கான அளவுகள் அல்ல. .357 மேக்னம் ரிவால்வர் ஒன்றின் எடை 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 158 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 10.2 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. குண்டின் உந்தம் 3.9 அலகு. கூடவே ஒரு கிராம் மருந்து வாயுவாகி விநாடிக்கு 1,200 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் பங்கு 1.2 அலகு. மொத்தம் 5.1. ரிவால்வர் விநாடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் பின்னால் வருகிறது. அதன் உதைப்பு ஆற்றல் ஏறக்குறைய 11 ஜூல்.

இப்போது அதே குண்டை விநாடிக்கு 260 மீட்டர் வேகத்தில், கால் கிராம் மருந்தால் அனுப்புகிறோம். குண்டின் பங்கு 2.65, வாயுவின் பங்கு 0.3. மொத்தம் 2.95. உதைப்பு ஆற்றல் 3.6 ஜூல். குண்டின் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. கை வாங்கும் ஆற்றலோ மூன்றில் ஒரு பங்காகவே சுருங்கிவிட்டது. இதற்கு இரண்டு காரணங்கள். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பது ஒன்று. வாயுவின் பங்கு மொத்த உந்தத்தில் நான்கில் ஒன்றாக இருந்தது பத்தில் ஒன்றாகிவிட்டது என்பது மற்றொன்று.

இரண்டாவது காரணத்தில்தான் மருந்துத் தேர்வு அடங்கியிருக்கிறது. அதே குண்டு, அதே 260 மீட்டர் வேகம். ஆனால் அந்த வேகத்தை எட்ட இன்னொரு மருந்தில் அரை கிராம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், வாயுவின் பங்கு இரட்டிப்பாகி, உதைப்பு ஆற்றல் 3.6இலிருந்து 4.4 ஜூலுக்கு ஏறிவிடுகிறது. காகிதத்தில் விழும் துளையில் ஒரு வேறுபாடும் இல்லை. கை மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக அடி வாங்குகிறது. ஆகவே மெல்லிய உதை வேண்டுகிறவர் தேட வேண்டியது, மிகக் குறைந்த எடையில் வேலையை முடிக்கும் மருந்து. அப்படிப்பட்ட மருந்து எப்போதுமே விரைந்து எரிகிற மருந்தாகத்தான் இருக்கிறது.

பழைய மருந்துக்குத் தைத்த உறை

மேக்னம் உறைக்குள் கால் கிராம் மருந்தைப் போட்டால் அது அடியில் ஓரமாய்க் கிடக்கும். உறையின் பெரும்பகுதி வெற்றிடம். தோட்டாவை இவ்வளவு பெரிதாக யார் வடிவமைத்தார்கள்? ஏன்?

.357 மேக்னத்தின் தாய் .38 ஸ்பெஷல். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கொண்டுவந்த தோட்டா அது. அதன் முதல் நிரப்பல் கருமருந்து: வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த பழைய மருந்து. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும். புகையும் கசடுமாய் வெளியேறும். குண்டைத் தள்ளும் வாயு மிச்சப் பாதியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். ஆகவே மருந்து நிறைய வேண்டும், உறையும் பெரிதாக இருக்க வேண்டும்.

பிரான்ஸில் போல் வியேய் 1884இல் நைட்ரோசெல்லுலோஸைக் கூழாக்கித் தகடாக இழைத்து முதல் வெற்றிகரமான புகையிலா மருந்தை உருவாக்கினார். ஆல்ஃப்ரெட் நோபல் 1887இல் நைட்ரோகிளிசரினையும் நைட்ரோசெல்லுலோஸையும் இணைத்து பாலிஸ்டைட் செய்தார். அடுத்து பிரிட்டனில் ஏபலும் டூவரும் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின், 37 விழுக்காடு துப்பாக்கிப்பஞ்சு, 5 விழுக்காடு வாஸலின் என்ற கலவையைக் கயிறாகப் பிழிந்து கார்டைட் என்று பெயரிட்டார்கள். நீலகிரியின் அருவங்காட்டில் உள்ள கார்டைட் தொழிற்சாலை பெயர் வாங்கியது இந்தக் கலவையிலிருந்துதான். புதிய மருந்துகள் ஏறத்தாழ முழுவதும் வாயுவாக மாறின. முன்பு உறை நிறையத் தேவைப்பட்ட இடத்தில் இப்போது சிறு பங்கே போதுமானது. ஆனால் ஏராளமான துப்பாக்கிகளின் அறைகள் பழைய உறையின் அளவுக்கு ஏற்கெனவே கடைந்து முடிக்கப்பட்டிருந்தன. மருந்து மாறியது, உறை மாறவில்லை.

வெற்றிடம் இருந்தால் அதை நிரப்பிப் பார்க்க யாராவது வருவார்கள் அல்லவா? 1930களில் ஐடஹோ மாநிலத்துப் பண்ணையாளரும் எழுத்தாளருமான எல்மர் கீத், ஃபிலிப் ஷார்ப், ஸ்மித் அண்ட் வெஸனின் டக்ளஸ் வெஸன் ஆகியோர் அந்த இடத்தில் கூடுதல் மருந்தை அடைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று சோதித்தார்கள். விளைவு, 1935இல் வந்த .357 மேக்னம். பழைய, வலுவற்ற ரிவால்வர்களுக்குள் தவறியும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக உறையை எட்டில் ஒரு அங்குலத்துக்கும் சற்று அதிகமாக நீட்டினார்கள். இன்றைய அமெரிக்கத் தரத்தின்படி .38 ஸ்பெஷலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000 பவுண்டு. இருபதாண்டுகள் கழித்து .44 ஸ்பெஷல் உறையை இதேபோல நீட்டி .44 மேக்னம் பிறந்தது. அதன் பின்னணியிலும் கீத்தின் விடாப்பிடியான சோதனைகள் இருந்தன.

மேக்னத்தை மென்மையாக்க நினைப்பவரின் சிக்கல் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. கருமருந்துக்கென்று அளவெடுத்து, பின்பு இன்னும் நீட்டப்பட்ட உறை அது. அதற்குள் மிகச் சிறிய நெருப்பு ஒன்றை ஒழுங்காக எரியவைக்க வேண்டும்.

மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையே போட்டுச் சுட்டால் என்ன? சுடலாம், பலர் அப்படித்தான் சுடுகிறார்கள். குட்டை உறையின் வாய்க்கு முன்னே அறைச் சுவரில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அதைச் சுரண்டாமல் விட்டால், பிறகு மேக்னம் தோட்டாவைப் போடும்போது இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் நீண்ட உறையிலேயே மெல்லிய நிரப்பலைச் செய்ய விரும்புகிறார்கள்.

நெருப்பைத் தூண்டுவது அழுத்தம்

புகையிலா மருந்து துப்பாக்கிக்குள் வெடிப்பதில்லை, எரிகிறது. ஒவ்வொரு மணியும் தன் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக எரிந்து தீர்கிறது. இதை 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பீரங்கிப் பொறியாளர் பியோபர் கண்டுசொன்னார். மேற்பரப்பு அதிகமானால் ஒரு கணத்தில் உண்டாகும் வாயுவும் அதிகம். அடுப்பில் சுள்ளி சட்டென்று பற்றி முடிந்துவிடும். கட்டை நின்று எரியும். மருந்து செய்கிறவர் கையாளும் முதல் கருவி இதுதான். மெல்லிய தகடாகச் சீவினால் விரைவு மருந்து. தடித்த உருண்டையாக்கினால் மெது மருந்து. போதாக்குறைக்கு மணியின் மேல்தோலில் எரிதலைத் தணிக்கும் வேதிப்பொருளைப் பூசி, முதல் கணத்தின் வேகத்தை அடக்கவும் முடியும்.

துப்பாக்கியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சுற்றியுள்ள அழுத்தம் ஏற ஏற மணி எரியும் வேகமும் ஏறும். வியேய் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார்: எரிவேகம், அழுத்தத்தின் ஒரு குறிப்பிட்ட படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்தப் படியெண் புகையிலா மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஒன்றை ஒட்டி, சற்றுக் குறைவாக அமைகிறது. எனவே அழுத்தம் பாதியானால் எரிவேகமும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கருமருந்துக்கு இந்தச் சார்பு மிகக் குறைவு. அது எந்த நிலையிலும் ஏறக்குறைய ஒரே சீராக எரியும்.

இந்த ஒரு விதியிலிருந்து எல்லாமே கிளைக்கிறது. எரிதல் அழுத்தத்தைக் கூட்டுகிறது. அழுத்தம் எரிதலைக் கூட்டுகிறது. ஒன்றை ஒன்று ஏற்றிவிடும் சுழற்சி. மேலே போகும்போது ஏற்றிவிடும் அதே சுழற்சி கீழே போகும்போது இறக்கியும்விடும். மருந்தைக் குறைத்தால் அழுத்தம் தாழும். அழுத்தம் தாழ்ந்தால் மிஞ்சிய மருந்தும் மந்தமாக எரியும். அதனால் அழுத்தம் இன்னும் தாழும். அதற்குள் குண்டு நகர்ந்து, பின்னால் இடம் விரிந்து, அழுத்தத்தை மேலும் குறைத்துவிடும்.

மெதுவாக எரியும் மேக்னம் மருந்துகள் உயர் அழுத்தத்தில் வேலை செய்வதற்கென்றே செய்யப்பட்டவை. எச் 110, வின்செஸ்டர் 296 என்று இரண்டு பெயர்களில் விற்கப்படும் ஒரே உருண்டை மருந்து இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. முழு வலிமை நிரப்பலில் அதற்கு ஈடு சொல்வது கடினம். நிரப்பல் குறிப்பேட்டில் சொன்ன அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் அதைக் குறைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மறுநிரப்பல் உலகில் எல்லோருக்கும் பாடம். மீறிக் குறைத்தால் மணிகள் பாதி எரிந்தும் எரியாமலும் குழலில் கொட்டிக் கிடக்கும். ஒரு தோட்டா ஓங்கி ஒலிக்கும், அடுத்தது முனகும். சில நேரம் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால், குழல் வீங்கும் அல்லது பிளக்கும். குறைவான மருந்து என்றால் அதிகப் பாதுகாப்பு என்று நினைப்பவரைச் சிக்கவைக்கும் இடம் இது.

2400 என்ற மருந்து இவ்வளவு பிடிவாதமானது இல்லை. 1930களில் ஹெர்குலிஸ் நிறுவனம் கொண்டுவந்த இது, கீத்துக்கு மிகப் பிடித்தமானது. முழு மேக்னத்திலிருந்து நடுத்தர வலிமை வரை இறங்கிவரும். அதற்கும் கீழே இறக்கினால் இதுவும் எரியாத மணிகளை விட்டுச்செல்லத் தொடங்கும்.

விரைவு மருந்தின் தகுதி

விரைவு மருந்து இந்தச் சுழற்சியிலிருந்து தப்பிப்பது எப்படி? மெல்லிய தகடுகளும், பல மருந்துகளில் தாராளமாகச் சேர்க்கப்பட்ட நைட்ரோகிளிசரினும் சேர்ந்து, தாழ்ந்த அழுத்தத்திலும் எரிதலை விடாமல் முடித்துவிடுகின்றன. குண்டு உறையை விட்டுச் சிறிது தூரம் நகர்வதற்குள் மருந்தில் பெரும்பகுதி வாயுவாகிவிடும். அதற்குப் பிறகு வாயு விரிவடைவது மட்டும்தான் நடக்கிறது. குழலின் வாயில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் குறைவு. அதனால் ஓசையும் பளிச்சிடும் சுடரும் குறைகின்றன. மெது மருந்து நிரப்பிய மேக்னத்தில் எரியாமல் மிஞ்சியது வெளிக்காற்றில் தீப்பந்தாக வெடிக்கும். சுடுநரைக் கண்மூட வைப்பதில் உதையைவிட அந்தச் சுடருக்கும் ஓசைக்கும் பங்கு அதிகம். மெல்லிய நிரப்பலின் குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டாததால் அந்தக் கூரிய சாட்டையொலியும் இல்லை.

இந்த வகையின் மூத்தது புல்ஸ்ஐ. 1898இல் லாஃப்லின் அண்ட் ராண்ட் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. பிறகு ஹெர்குலிஸ், அதன்பின் அலையன்ட் என்று கைமாறி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விற்பனையில் இருக்கிறது. ஓஹியோவின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. அங்கே கைத்துப்பாக்கி வரிசையில் நின்ற பல தலைமுறைகளின் பயிற்சித் தோட்டாக்களில் இந்தச் சிறு தகடுகள்தான் இருந்தன. வின்செஸ்டர் 231 சற்று மெதுவானது. எச்பி 38 என்ற பெயரில் விற்கப்படுவதும் அதே மருந்துதான். பெரிய உறையில் சிறிதளவு மருந்து எங்கே கிடந்தாலும் ஒரே மாதிரி எரிய வேண்டும் என்ற நோக்கத்தில் ஹாட்ஜ்டன் நிறுவனம் டைட்குரூப்பைக் கொண்டுவந்தது. யூனிக் இவற்றைவிட மெதுவானது. இலக்குச் சுடலின் மேல்வரம்பில், நடுத்தர வலிமைக்குப் பொருந்தும்.

மருந்துகளை வேக வரிசையில் அடுக்கிய பட்டியல்கள் எல்லா நிரப்பல் குறிப்பேடுகளிலும் உண்டு. மூடிய உலோகக் கலத்தில் மருந்தைக் கொளுத்தி, அழுத்தம் ஏறும் வேகத்தை அளந்து பெறும் ஒப்பீடு அது. எது எதற்கு முன்னே என்று மட்டும்தான் அந்த வரிசை சொல்லும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மருந்துகளுக்கு ஒரே அளவு பொருந்தும் என்று எண்ணிவிட்டால் ஆபத்து. உறையின் அளவு, குண்டின் எடை, அது அமர்ந்திருக்கும் ஆழம் ஆகியவை மாறினால் வரிசையில் அருகருகே இருப்பவைகூட வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒவ்வொரு மருந்துக்கும், ஒவ்வொரு குண்டுக்கும் உற்பத்தியாளர் அளந்து வெளியிட்ட எண்ணைத் தவிர வேறெதையும் நம்பக் கூடாது என்பது அதனால்தான்.

வெற்றிடம் செய்யும் இரண்டு குறும்புகள்

விரைவு மருந்து ஒரு சிக்கலைத் தீர்த்து, வேறு இரண்டைக் கொண்டுவருகிறது. இரண்டும் அந்தப் பெரிய வெற்றிடத்திலிருந்து வருபவை.

முதலாவது, மருந்து எங்கே கிடக்கிறது என்பது. ரிவால்வரின் வாயை மேலே தூக்கி, பின் மெல்லத் தாழ்த்திக் குறிவைத்தால், மருந்து உறையின் அடியில், பிரைமருக்குப் பக்கத்தில் குவிந்திருக்கும். தீப்பொறி நேராக அதன்மேல் பாயும். வாயைக் கீழே சாய்த்திருந்து நிமிர்த்தினால் மருந்து குண்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். தீப்பொறி வெற்றிடத்தைக் கடந்து போய்த்தான் அதைப் பற்றவைக்க வேண்டும். ஒரே தோட்டா, ஒரே மருந்து. குண்டின் வேகம் மட்டும் மாறிவிடும். சில மருந்துகளில் இந்த வேறுபாடு விநாடிக்குப் பத்துப் பதினைந்து அடி. சிலவற்றில் நூறு அடியையும் தாண்டும். 50 கஜத்தில் அது மேலும் கீழுமாகச் சிதறிய துளைகளாகத் தெரியும். தேர்ந்த சுடுநர்கள் புது நிரப்பலைச் சோதிக்கும்போது, வாயை உயர்த்தி ஒரு சுற்று, தாழ்த்தி ஒரு சுற்று என்று இரண்டு வகையாகவும் வேகமானியின் முன்னே சுட்டுப் பார்ப்பது இதனால்தான். இரண்டுக்கும் இடையே வேறுபாடு எதில் மிகக் குறைவோ அந்த மருந்தையே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது குறும்பு உயிருக்கே உலை வைக்கக்கூடியது. முறையான அளவு மருந்து உறையின் சிறு பகுதியைத்தான் நிரப்புகிறது என்றால், கவனக்குறைவால் அதே உறைக்குள் இன்னொரு அளவு விழுந்தாலும் வழியாது. கண்ணுக்கும் பெரிதாகத் தெரியாது. விரைவு மருந்தில் இரட்டை அளவு என்றால் அழுத்தம் இரட்டிப்பதோடு நிற்காது. மேலே பார்த்த சுழற்சி இப்போது மேல்நோக்கிச் சுழன்று பல மடங்காக்கிவிடும். தோட்டாக்களைத் தாங்கும் உருளையே பிளந்துபோகும். அதனால் குண்டை அமர்த்தும் முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பது இந்தக் கைவேலையின் மீற முடியாத விதி.

இரண்டு குறும்புகளுக்கும் சேர்த்து ஒரு விடை உண்டு: எடை குறைந்து, இடத்தை நிறைய அடைக்கும் மருந்து. பழைய கருமருந்துக்கால ரிவால்வர்களையும் அவற்றின் பிரதிகளையும் கொண்டு ஆடப்படும் கௌபாய் சுடுபோட்டிகளுக்காக, ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாரிக்கப்பட்ட டிரெயில் பாஸ் அப்படிப்பட்டது. அதன் மணிகள் நடுவே துளையுள்ள சிறு வளையங்கள். உறையை ஏறத்தாழ நிரப்பிவிடும். ஆனால் எடை மிகக் குறைவு. மருந்து நகர இடமில்லை என்பதால் தீப்பொறி எப்போதும் ஒரே மாதிரி அதைச் சந்திக்கிறது. இன்னொரு அளவு விழுந்தால் உறை நிரம்பி வழிந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். கருமருந்து நிறைத்த இடத்தை, அதன் அளவில் சிறு பங்கு எடையால் நிறைக்கும் உபாயம் இது. வளையத்தின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒருசேர எரிவதால் விரைவுக்கும் குறைவில்லை.

குண்டும் மருந்தும் ஒத்துப்போக வேண்டும்

மருந்தை மட்டும் தனியே தேர்ந்தெடுக்க முடியாது. அது தள்ளப்போகும் குண்டும் சேர்ந்தே கணக்கில் வரும்.

மெல்லிய நிரப்பலுக்கு ஈயக்குண்டுதான் ஏற்றது. செம்புத்தகடு போர்த்திய குண்டு குழலின் சுருள்வரிகளில் அதிகம் உராயும். அழுத்தம் குறைவாக இருந்தால் நடுவிலேயே நின்றுவிடும் வாய்ப்பு கூடுகிறது. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் இடையே தாள் கனத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. குண்டு மெதுவாக நகர்ந்தால் அந்த வழியாக வாயு கசிய அதிக நேரம் கிடைக்கும். நீண்ட குழலும் தாழ்ந்த அழுத்தமும் சேர்ந்தால் ஆபத்து கூடுவது இதனால்தான்.

ஈயத்திலும் எந்த ஈயம் என்ற கேள்வி உண்டு. வாயு பின்னாலிருந்து அழுத்தும்போது குண்டின் அடிப்பகுதி சற்று விரிந்து குழலை அடைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டிமனி நிறையக் கலந்த கடின ஈயம் மெல்லிய அழுத்தத்துக்கு மசியாது. வாயு அதன் ஓரமாய்ப் பாய்ந்து ஈயத்தை உருக்கிக் குழலில் படியவைக்கும். கடினமான குண்டுதான் குழலைச் சுத்தமாக வைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மெல்லிய நிரப்பலில் நடப்பது நேர்மாறு. இலக்குச் சுடலின் பழம்பெரும் குண்டான 148 கிரெய்ன் தட்டைமுனைக் குண்டு மென்மையான ஈயத்தால் ஆனது. அதன் அடி உட்குழிவானது. சிறிய அழுத்தத்துக்கும் விரிந்து அடைத்துக்கொள்ளும். தட்டையான முனை காகிதத்தில் கிழிசல் இல்லாமல் வட்டமாகத் துளையிடும். புள்ளி எண்ணும்போது வாதத்துக்கு இடமில்லை. இதை உறைக்குள் முழுக்க அமுக்கி அமர்த்துவதால் வெற்றிடமும் சுருங்குகிறது; எரிதல் சீராகிறது.

உறையின் வாயை மடிப்பதும் எரிதலோடு தொடர்புள்ளதே. மடிப்பு உறுதியாக இருந்தால் குண்டு கிளம்பும் முன் அழுத்தம் சற்றுச் சேர்ந்துகொள்ளும். முதல் கணத்திலேயே மருந்து நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தோட்டாவிலும் இந்தப் பிடி ஒரே மாதிரி இருந்தால்தான் ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் கிளம்பும்.

மெதுவான குண்டு மேலே போகும்

புதிய நிரப்பலோடு சுடுதளத்துக்கு வருகிறவரைக் குழப்பும் ஒரு நிகழ்வு உண்டு. மெதுவான குண்டு தாழ்ந்துதானே விழ வேண்டும்? 25 கஜத்தில் பெரும்பாலும் அது வேகமான குண்டைவிட உயரத்தில் விழுகிறது.

குழலின் அச்சு சுடுநரின் பிடிக்கு மேலே இருப்பதால், உதை ரிவால்வரைப் பின்னால் தள்ளுவதோடு முகப்பை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது. குண்டு கிளம்பிய கணத்திலேயே திருப்பம் தொடங்கிவிடும். குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு மில்லி விநாடி அளவுதான். மனிதர் எதிர்வினை காட்ட அதைவிட நூறு மடங்குக்கும் மேல் நேரமாகும். எனவே அந்தத் திருப்பத்தைக் கையால் தடுக்க வழியில்லை. மெதுவான குண்டு குழலுக்குள் இன்னும் சற்று நேரம் தங்குகிறது. அதற்குள் முகப்பு இன்னும் சற்று உயர்ந்துவிடுகிறது. ரிவால்வரின் முன்குறி உயரமாக இருப்பதற்கும் இதுவே காரணம். குறிவைக்கும்போது குழல் உண்மையில் இலக்குக்குச் சற்றுக் கீழேதான் நோக்கியிருக்கிறது. உதைதான் அதைச் சரியான இடத்துக்குத் தூக்கிவிடுகிறது. உதையைக் குறைத்தால் திருப்பத்தின் வேகமும் குறைகிறது, குழலில் தங்கும் நேரம் கூடுகிறது. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் ஒவ்வொரு நிரப்பலுக்கும் குறியைப் புதிதாகச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நிரப்பல் குறிப்பேட்டைத் திறந்தால் ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண்ணுக்கு எல்லோரும் அஞ்சுகிறார்கள். எஃகின் வலிமையும் பித்தளையின் தாங்குதிறனும் விதித்த எல்லை அது. தாண்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சிறிய எண்ணை வெறும் தொடக்கப் புள்ளி என்று நினைத்து அதற்குக் கீழேயும் போகத் துணிகிறவர்கள் உண்டு. மெது மருந்துகளில் அந்தச் சிறிய எண்ணும் ஓர் எல்லைதான்: அழுத்தமும் எரிதலும் ஒன்றையொன்று தாங்கி நிற்க முடிகிற கடைசிப் படி. இன்னும் மெல்லிய உதை வேண்டுமானால் அந்த மருந்தில் குறைத்துக்கொண்டே போவதில் பயனில்லை. குப்பியை மூடிவைத்துவிட்டு, தாழ்ந்த அழுத்தத்திலும் முழுதாக எரிந்து முடிக்கும் வேறொரு மருந்தை, அதற்கென்று வெளியிடப்பட்ட அளவோடு எடுக்க வேண்டும்.